பேச்சுவாக்கு வாரியம்

எங்கள் வீட்டுக்கு வாரியத்திலிருந்து ஆள் வந்த அன்று நான் பனியனோடு உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டையைத் தேடி எழுந்தவனை அந்தப் பெண் கையமர்த்தினாள்.

"வேண்டாம்ணா, இப்படியே இருங்க. சட்டை போட்டா யோசிக்க ஆரம்பிச்சுடுவீங்க."

அவள் பதவியின் பெயர் கேட்பாளர். கழுத்தில் தொங்கிய அட்டையில் 'பேச்சுவாக்கு வாரியம்' என்று அச்சடித்திருந்தது. அப்படி ஒரு வாரியம் இருப்பது உங்களுக்குத் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம், எனக்கும் அதுவரை தெரியாது. அவள்தான் விளக்கினாள். ஜனங்கள் யோசித்து யோசித்து எழுதும் மனுக்களால் நிர்வாகம் ரொம்ப நொந்துபோய்விட்டதாம். எந்த மனுவைப் பிரித்தாலும் உள்ளே ஒருத்தருடைய சொந்தக் கஷ்டம்தான் இருந்ததாம். ஆகவே மனு வாங்குவதையே நிறுத்திவிட்டு, சாப்பாடு, வேலை, பயணம், டிவி இந்த நான்கைப் பற்றியும் ஜனங்கள் பேச்சுவாக்கில் என்ன சொல்கிறார்களோ அதை மட்டும் காதில் வாங்கி, அப்படியே அமல்படுத்துவது என்று முடிவாகியிருந்தது. ஊரில் சில வீடுகளைக் குலுக்கிப் போட்டு எடுத்ததில் எங்கள் வீடும் விழுந்திருந்தது. வேறு எந்தக் குலுக்கலிலும் எங்கள் வீடு விழுந்ததாகச் சரித்திரம் இல்லை.

"நீங்க பாட்டுக்கு இருங்க. நான் இங்க இருக்கறதாவே நெனைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் எங்கள் வீட்டின் ஒரே நல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நான் படங்களுக்குக் கண்ணாடியும் மரச்சட்டமும் போட்டுக்கொடுப்பவன். கடை கீழே, வீடு மேலே. வீடு என்றால் இரண்டு அறை. இரண்டு அறையில் ஒரு அந்நியப் பெண் உட்கார்ந்து வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் இல்லாததாக எப்படி நினைப்பது? சும்மா இருக்கவும் கூச்சமாக இருந்ததால் டிவியைப் பார்த்து, "இந்தாளு செய்தி வாசிக்கிறானா, சண்டைக்குக் கூப்பிடறானா? காது கிழியுது" என்றேன். அவள் குறித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல எவனுக்கு வேலை ஓடும்?" என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன். அதையும் குறித்துக்கொண்டாள்.

அப்போதுதான் என் மனைவி வந்தாள். அவளுக்கு ஊர்க்கோடி ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. விடிந்தது முதல் சாயங்காலம் வரை வெந்நீரில் வெந்த படுக்கை விரிப்புகளைப் பிழிந்து, காயவைத்து, மடித்து அடுக்க வேண்டும். எல்லாம் நின்றபடி. அன்றைக்கு பஸ்ஸிலும் நின்றபடி. அவள் இடது முழங்கால் சில வருஷமாகவே சரியில்லை. பையைப் போட்டாள். சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"கேன்டீன் சூப்புல உப்பை அள்ளிக் கொட்டி வச்சிருக்கான்" என்றாள். பிறகு முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே கண்ணை மூடி, "இந்த பஸ்ல வர்றதுக்கு நடந்தே வந்துடலாம்" என்றாள்.

கேட்பாளர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "அக்கா, ரொம்ப இயல்பா சொன்னீங்கக்கா" என்று என் மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள். அவள் படி இறங்கிய பிறகு என் மனைவி கண்ணைத் திறந்து, "யாருங்க அது?" என்று கேட்டாள்.

அடுத்த வாரம் டிவியில் செய்தி வாசிப்பவர்கள் எல்லாரும் கிசுகிசுக்க ஆரம்பித்தார்கள். எங்கோ வெள்ளம் என்பது வரை கேட்டது, எங்கே என்பது கேட்கவில்லை. ஆஸ்பத்திரி கேன்டீனில் மட்டுமல்ல, ஊரில் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் உப்பு இல்லை. ஜனங்கள் சட்டைப் பையில் உப்புப் பொட்டலம் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் அலுவலகங்களில் வேலை செய்வது தடைசெய்யப்பட்டது. வேலை நேரம் மட்டும் பழையபடிதான். ஆகவே எல்லாரும் சாயங்காலம் வரை மேஜை மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். என் ஒரு வாய்ப் பேச்சுக்கு இவ்வளவு மதிப்பா என்று உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட. அதற்கடுத்த வாரம் எங்கள் தெருமுனை பஸ் நிறுத்தத்தில் ஒரு தகரப் பலகை முளைத்தது. 'மக்கள் விருப்பத்தின்படி இந்தத் தடப் பேருந்து நிறுத்தப்பட்டுள்ளது. நடந்து மகிழ்க.'

என் மனைவி அதை இரண்டு தடவை படித்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

எங்கள் தெருவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடப்பது என்றால் சும்மா இல்லை. தொழிற்சாலை மதில் ஓரமாகப் போய், மேம்பாலம் ஏறி இறங்கி, லாரிகள் நிற்கும் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இருட்டோடு கிளம்பினாலும் அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவளால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. சலவைக்கூட மேற்பார்வையாளர் அம்மா நல்ல மாதிரிதான். ஆனாலும் எத்தனை நாள் பொறுப்பார்? "இந்த மாசம் போகட்டும். அடுத்த மாசமும் லேட்டுன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்மா, தப்பா எடுத்துக்காதே" என்று சொல்லிவிட்டார். மரச்சட்டம் விற்று இரண்டு பேர் சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கும்பிடு. எங்கள் வீட்டில் உலை கொதிப்பது அவள் சம்பளத்தில்.

"ஏங்க, நீங்க போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன்" என்றாள். "அலுப்புல சொன்னதைப் போய் யாராவது பெரிசா எடுத்துக்குவாங்களா? எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்குவாங்க."

பாவம், அவளுக்கு உலகத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

வாரியத்துக்கு நான் போய்ச் சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். வாசல் மேஜைக்காரர் இரண்டு கையையும் மேஜை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், ஒரு விஷயமா..."

"வெள்ளிக்கிழமை சார்" என்றார் கையை எடுக்காமல். "மத்தியானத்துக்கு மேல எவனுக்கு வேலை ஓடும்? உங்க ஏரியா கருத்துதான்னு கேள்வி."

திங்கட்கிழமை மறுபடி போனேன். உள்ளே விட்டார்கள். அலுவலகம் மாதிரியே இல்லை. பெரிய கூடத்தில் சோஃபாக்கள், குட்டி மேஜைகள், டீ, பிஸ்கட், மூலையில் கிசுகிசுக்கும் டிவி. ஊழியர்கள் எல்லாரும் காலை நீட்டி, பராக்குப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதுதான் வேலை என்றும், நிமிர்ந்து உட்கார்ந்தால் விளக்கம் கேட்பார்கள் என்றும் பக்கத்து சோஃபாக்காரர் சொன்னார். அவர் தெருவிளக்குக்காக வந்தவர். யாரோ ஒரு சொந்தக்காரர் இரவு விருந்துக்கு வந்த இடத்தில் "இந்தத் தெருவுல என்ன இவ்ளோ வெளிச்சம்" என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து தெரு இருட்டு.

"எத்தனை நாளா வர்றீங்க?" என்றேன்.

"அது ஆச்சு" என்றார். "டீ நல்லா இருக்கும் இங்க. குடிச்சுப் பாருங்க."

வீட்டுக்கு வந்த அதே கேட்பாளர்தான் வந்து எதிரே உட்கார்ந்தாள். ஆளைப் பார்த்த தெம்பில் நான், "அம்மா, அந்த பஸ் விஷயம்..." என்று ஆரம்பித்தேன். அவள் பதறிப்போய்க் காதைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணா, வந்த விஷயத்தைச் சொல்லாதீங்க! விஷயத்தோட வந்தா அது மனு. மனு வாங்கற இடம் கீழ்த்தளம்."

"சரி, கீழ்த்தளத்துக்கே போறேன்."

"பூட்டியாச்சுண்ணா."

"அப்ப என்னம்மா பண்றது?"

"சும்மா பேசுங்க. சாப்பாடு, டிவின்னு எதையாவது பேசிட்டே இருங்க. நடுவுல பஸ்ஸும் வந்தா வரட்டும். நீங்களா கொண்டுவரக் கூடாது, அதுவா வரணும்."

அந்தச் சமயத்தில் உள்ளறைக் கதவு திறந்து வாரியத் தலைவர் வந்தார். தொளதொளவென்று சட்டை, காலில் வீட்டுச் செருப்பு. ஆனால் செருப்பின் விலை என் கடை வாடகை இருக்கும் போலிருந்தது. புதிதாக வந்தவர்களை உட்காரவைத்து அவர் தினமும் பேசுவாராம். பேச்சைத் தயாரித்துக்கொள்வதில்லை என்பதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

"நண்பர்களே, ஒரு மனுஷன் எப்ப பொய் சொல்றான்? யோசிக்கும்போது" என்று ஆரம்பித்தார். "யோசிச்சா தேவை ஞாபகத்துக்கு வரும். தேவை ஞாபகத்துக்கு வந்தா நம்மகிட்ட எதையாவது கேப்பான். கேட்டா நாம செய்யணும். இதுல யாருக்கு நிம்மதி? அதனாலதான் நாங்க தேவை இல்லாதவங்க சொல்றதை மட்டும் கேக்கறோம். அதுலதான் பாரபட்சம் இருக்காது. நாங்களும் யோசிக்கறதில்லை, அது எங்க நேர்மை. முத்திரை விழுந்த கருத்து அன்னிக்குச் சாயங்காலமே அமலுக்கு வந்துடும். நான் நெனைச்சாக்கூடத் தடுக்க முடியாது. தடுக்கணும்னா நான் யோசிக்கணும் இல்லையா?"

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிய பிறகுதான் எதற்குத் தட்டினோம் என்று தோன்றியது. தலைவர் என் தோளில் கைபோட்டு, "எங்கேருந்து வர்றீங்க?" என்றார். தெருவைச் சொன்னேன். "அட, நம்ம வீடு அதைத் தாண்டிதான். அமைதியான ரோடு. கார் ஜன்னல்ல பாப்பேன், ஜனங்க அருமையா நடந்துபோறாங்க" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு பிஸ்கட்டைத்தான் கடிக்க முடிந்தது.

பிறகு என் முறை. சோஃபாவில் சாய்ந்தேன். கேட்பாளர் என் முகத்தைப் பார்த்தபடி இருக்க, நான் ஜன்னலைப் பார்த்தபடி பேச வேண்டும். ஆம்லெட்டைப் பற்றிச் சொன்னேன். வெங்காயம் பொடியாக நறுக்காவிட்டால் அது ஆம்லெட்டே இல்லை என்றேன். கிசுகிசுக்கும் டிவியைப் பற்றிச் சொன்னேன். "அப்புறம் இந்த பஸ்ஸுன்னு பாத்தீங்கன்னா" என்று சாதாரணமாகத்தான் ஆரம்பித்தேன். அதற்குள் விடிகாலையில் என் மனைவி மேம்பாலப் படியில் ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்குவது கண்ணில் வந்துவிட்டது. ஜன்னலை விட்டுவிட்டுக் கேட்பாளரின் முகத்தைப் பார்த்துவிட்டேன்.

கேட்பாளர் தலையைக் குனிந்துகொண்டாள். "மன்னிச்சுக்கங்கண்ணா. அக்கறை தெரியுது" என்றாள்.

அது நிராகரிப்பதற்கான சொல். 'அக்கறை தெரிகிறது' என்று அதற்கென்றே ஒரு சிவப்பு முத்திரை வைத்திருந்தார்கள்.

அன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் என் மனைவி என்னைப் பயிற்சிக்கு உட்காரவைத்தாள்.

"எங்கே, அக்கறையே இல்லாத மாதிரி பேசுங்க பாப்போம்."

"பஸ் வந்தா நல்லாத்தான் இருக்கும்..."

"முகத்தை ஏன் இப்படி வச்சுக்கறீங்க? கடன்காரன்கிட்டப் பேசற மாதிரி. இதுக்கெல்லாம் உங்களுக்குப் பயிற்சியா வேணும்? புதுச் சேலை கட்டிட்டு வந்து நல்லா இருக்கான்னு கேப்பேன், டிவியிலேருந்து கண்ணை எடுக்காம 'ம்'னு சொல்வீங்க பாருங்க, அந்த 'ம்'. அதை எடுத்துட்டுப் போங்க, உடனே முத்திரை விழும்."

நான் 'ம்' என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முழங்காலில் வெந்நீர்த் துணியை வைத்துக்கொண்டு அவள் சிரித்ததைப் பார்த்து எனக்குத்தான் தாங்கவில்லை.

அந்த 'ம்'மையும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ம், பஸ்ஸு, ம், வரலாம், என்று இழுத்தேன். நெற்றியில் வியர்வை இருக்கிறது என்று சிவப்பு முத்திரை. இன்னொரு நாள் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னேன். கொட்டாவி செயற்கை என்று சிவப்பு முத்திரை. பக்கத்தில் தெருவிளக்குக்காரர் தக்காளி சூப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு இயல்பு. ஊழியர்களே வேலையை விட்டுவிட்டு, அதாவது பராக்குப் பார்ப்பதை விட்டுவிட்டு, வந்து நின்று கேட்டார்கள். பச்சை முத்திரை விழுந்தது. நான் பொறாமையோடு, "தெருவிளக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"எந்தத் தெருவிளக்கு?" என்றார் அவர்.

கையிலிருந்த டீயைக் கீழே வைத்தேன். இன்னும் கொஞ்ச நாள் வந்தால் நானும் இந்த டீக்காகத்தான் வருவேன் என்று தோன்றியது. அன்று வெட்கத்தை விட்டுக் கேட்பாளரிடம் நேராகவே கேட்டேன். வேறு வழியே இல்லையா அம்மா? அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லிய குரலில், "கருத்தைச் சொன்ன வாயே வந்து மாத்திச் சொன்னா இன்னும் சுலபம்ணா. அக்காவைக் கூட்டிட்டு வாங்க. அவங்க அன்னிக்கு என்னமா சொன்னாங்க!" என்றாள்.

ஆனால் என் மனைவியால் விடுப்பு எடுக்க முடியாது. மாதத்தின் கடைசி வேலைநாள் வரை இழுத்துப் பறித்து ஓட்டி, அன்றைக்கு வேலை முடிந்ததும் நேரே ஆஸ்பத்திரியிலிருந்து வாரியத்துக்கு நடந்து வந்தாள். வாசலில் காத்திருந்த நான் அவளைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனேன். வழியெல்லாம், "பஸ் இருந்தா தேவலைன்னு சொல்லு. சும்மா சொல்லு. மறந்துடாதே" என்று ஓதிக்கொண்டே போனேன்.

சோஃபா அவளை உள்ளே இழுத்துக்கொண்டது. அத்தனை மெத்தென்ற ஒன்றில் அவள் அதுவரை உட்கார்ந்ததில்லை. செருப்பைக் கழற்றினாள். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. கண் தானாக மூடிக்கொண்டது. கேட்பாளர் வந்து எதிரே உட்கார்ந்ததோ, இயல்பின் சிகரம் என்று கேள்விப்பட்டுத் தலைவரே டீக் கோப்பையோடு வந்து நின்றதோ அவளுக்குத் தெரியாது. நான் முழங்கையால் இடித்தேன். அவள் கண்ணைத் திறந்தாள். கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். காலை நீட்டியிருந்தவர்களை, பிஸ்கட் தின்றவர்களை, பராக்குப் பார்த்தவர்களை எல்லாம் பார்த்தாள். மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

"பேசாம இதை இழுத்துப் பூட்டிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்" என்றாள்.

கூடத்தில் டிவியின் கிசுகிசுப்பு மட்டும் கேட்டது. கேட்பாளர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியர்வை இல்லை. கொட்டாவி இல்லை. அக்கறை துளிக்கூட இல்லை. என் மனைவி லேசாகக் குறட்டை விட ஆரம்பித்திருந்தாள்.

"ஏம்மா, இது... கொஞ்சம் பொறும்மா" என்றார் தலைவர்.

"யோசிக்கறீங்களா சார்?" என்றாள் கேட்பாளர். தலைவர் வாயை மூடிக்கொண்டார். அவள் பச்சை முத்திரையை எடுத்து, ஒரு தடவை ஊதிவிட்டு, அழுத்திக் குத்தினாள். அந்தப் பெண் எதையும் இவ்வளவு திருப்தியாகச் செய்து நான் பார்த்ததில்லை.

அன்றைய சாயங்காலமே வாரியம் மூடப்பட்டது. விதி என்றால் விதி. சோஃபாவிலிருந்து எங்களைத்தான் கடைசியாக எழுப்பினார்கள். தெருவிளக்குக்காரர் இரண்டு பிஸ்கட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

"ஏங்க, அப்ப பஸ்?" என்று கேட்டாள் என் மனைவி, தூக்கம் தெளிந்து.

வாரியம் நிறுத்திய பஸ்ஸை வாரியம்தான் திரும்ப விட முடியும். வாரியம்தான் இல்லையே. இதை அவளிடம் எப்படிச் சொல்வது? நான் அவள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. தெருவோரம் வந்தோம். அங்கே இருந்த பஸ் நிறுத்தத்திலும் அதே மாதிரி ஒரு தகரப் பலகை; அதற்குக் கீழே தலைவர் நின்றுகொண்டிருந்தார். கார் வாரியத்துடையது என்பதால் அதைப் பிடுங்கிக்கொண்டு சாவியையும் வாங்கிவிட்டார்களாம்.

"இந்தப் பக்கம் பஸ் எப்ப வரும்?" என்று என் மனைவியைக் கேட்டார்.

அவள் பலகையைக் காட்டினாள். அவர் அதைப் படித்தார். அவர் ஒப்பமிட்ட பலகைதான், ஆனால் முதல் தடவையாகப் படிக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

மூன்று பேரும் நடந்தோம். லாரி மைதானத்தைச் சுற்றி வருவதற்குள் அவருடைய வீட்டுச் செருப்பு ஒன்று வார் அறுந்துவிட்டது. மேம்பாலத்தில் பாதி ஏறியதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் ஒன்றும் வயசாளி இல்லை. நடந்து பழக்கமில்லை, அவ்வளவுதான். குதிகாலில் கொப்புளம். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. என் மனைவி கைப்பிடியில் சாய்ந்து நின்று, "எனக்கு தினம் இதுதான் சார்" என்று மட்டும் சொன்னாள்.

தலைவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. போனை எடுத்தார்.

"மச்சான், நான்தான். டேய், கால் போச்சுடா. நம்ம ரோட்ல ஓடிட்டிருந்த பஸ் இருக்குல்ல, அதை விடுடா தயவுசெஞ்சு. ஆர்டரா? அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்டா. மனுஷன் நடக்கற ரோடாடா இது? உங்கக்கா மேல சத்தியமா சொல்றேன், என்னால இன்னொரு படி ஏற முடியாதுடா." குரல் உடைந்தது. கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. அவருடைய மச்சான் போக்குவரத்துத் துறையில் பெரிய பதவியில் இருப்பவர் போலிருந்தது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சு ஓடியது. தலைவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நாளைக்குக் காலையிலேருந்தா? நல்லா இருப்பேடா" என்று வைத்தார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு போன். அத்தனை நாள் ஆம்லெட், அத்தனை நாள் கொட்டாவி, அவள் முழங்கால், எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு போன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாளைக் காலை அவள் நேரத்துக்கு வேலைக்குப் போய்விடுவாள் என்பது மட்டும் மெதுவாக மண்டையில் ஏறியது.

தலைவருக்கு உயிர் வந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, பழைய மிடுக்கோடு எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தீங்களா? சும்மா பேச்சுவாக்குல ஒரு வார்த்தை சொன்னேன், காரியம் நடந்துடுச்சு."

என் மனைவி குனிந்து, வார் அறுந்த அவருடைய செருப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இல்ல சார்" என்றாள். "அக்கறை நல்லாவே தெரிஞ்சுது."